ஆட்டுக்குட்டி திருந்திய கதையின் மறுபாதி

அன்புள்ள நண்பா,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் எட்டு மாதம் கடத்திவிட்டேன். அதற்கான வசவுகளை மொத்தமாக இப்போதே வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் எல்லோரும் நலம். அண்ணிக்கு என் வணக்கத்தைச் சொல். சுருட்டை போன மாதம் வந்திருந்தான். இன்னமும் மூன்றாவது கியரிலேயே பேசுகிறான்.

இந்தக் கடிதத்தை எழுதவைத்தவன் உன் மகன். சென்ற வாரம் என்னைத் தொலைபேசியில் அழைத்து, தன் சின்ன வண்டி வளைவுகளில் ஸ்டியரிங்குக்குக் கட்டுப்படாமல் மூக்கை வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டு போகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டான். கேட்க ஆள் கிடைத்துவிட்ட மகிழ்ச்சியில், என் வண்டி ஆட்டுக்குட்டிக்கு நான் பார்த்த வைத்தியத்தை முக்கால் மணி நேரம் அளந்தேன். பின்பக்கம் தடித்த ஆன்டி ரோல் பார் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்க இடது, வலது சக்கரங்களை இணைக்கும் முறுக்குக் கம்பி) போட்டதும் வண்டியின் குணமே மாறிவிட்டது என்று பெருமையாகச் சொன்னேன். "அப்படியென்றால் நானும் அதையே வாங்கிவிடுகிறேன் மாமா" என்று சொல்லி அவன் வைத்துவிட்டான். அதன் பிறகுதான், கதையில் பாதியை மட்டுமே சொல்லியிருக்கிறேன் என்பது உறுத்தத் தொடங்கியது. மறுபாதியை அவனிடம் நேரே சொல்லக் கூச்சமாக இருக்கிறது. நீ படித்துவிட்டு அவனிடம் கொடு. சிரிப்பதாயிருந்தால் அவன் இல்லாத நேரத்தில் சிரித்துக்கொள்.

முதலில் நோயைச் சொல்லிவிடுகிறேன். முன்சக்கர இழுவை வண்டிகளில் எஞ்சினும் கியர்பெட்டியும் முன்னாலேயே குவிந்திருப்பதால், மொத்த எடையில் ஏறத்தாழ 60 முதல் 65 சதவீதம் முன்சக்கரங்களின் தலையில்தான் விழுகிறது. வண்டியை இழுப்பதும் அவைதாம், திருப்புவதும் அவைதாம், பிரேக் பிடிக்கும்போது பெரும்பங்கைச் சுமப்பதும் அவைதாம். பின்சக்கரங்கள் மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி பின்னாலேயே வருகின்றன. ஒரு டயருக்குத் தரையில் உள்ள பிடிமானம் மாதச் சம்பளம் போன்றது. திருப்புவதற்கே முழுவதும் செலவாகிக்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரையும் அழுத்தினால், அந்தக் கூடுதல் செலவுக்குப் பணம் இல்லை. ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி நேராகவே போகப் பார்க்கும். ஆகவே உன் மகனிடம் நான் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி, வளைவுக்குள் எந்த வேகத்தில் நுழைகிறாய் என்பது. அதை நான் கேட்கவில்லை. நேராக உதிரிபாகங்களுக்குத் தாவிவிட்டேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு நானும் அப்படித்தான் தாவினேன். பெரிய சக்கரம் போட்டால் சரியாகிவிடும் என்று ஏற்றிவிட்டவன் நீ என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன். 13 அங்குலச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு 16 அங்குலத்தை மாட்டினேன். கூடவே வண்டியை 40 மில்லிமீட்டர் இறக்கும் ஸ்பிரிங்குகளையும் வாங்கிப் போட்டேன். பார்ப்பதற்கு ஆட்டுக்குட்டி வேங்கை மாதிரி பதுங்கி நின்றது. ஓட்டிப் பார்த்தால் முன்பைவிட மோசம். புதிய சக்கரங்கள் பழையவற்றைவிட மிகவும் கனமானவை. ஸ்பிரிங்குக்குக் கீழே எடை கூடினால் ஒவ்வொரு மேடுபள்ளத்திலும் டயர் தரையை விட்டுத் துள்ளும், ஷாக் அப்சார்பரால் அதை அடக்க முடியாது. 1959-ல் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மினி கார் வெளிவந்தபோது அதற்கு இருந்தவை வெறும் 10 அங்குலச் சக்கரங்கள். அவற்றை நான்கு மூலைகளுக்கும் தள்ளி, எஞ்சினைக் குறுக்காக வைத்து, எடையைக் குறைவாக வைத்திருந்தார்கள். அந்தக் குட்டி வண்டி 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மான்டி கார்லோ ராலி என்ற கார்ப் பந்தயத்தை வென்றது. சக்கரத்தின் அளவைப் பற்றி இனி நீ என்னிடம் பேசாதே.

வண்டியை இறக்கியதில் நடந்தது இன்னும் வேடிக்கை. தாழ்வாக இருந்தால் குறைவாகச் சாயும் என்றுதானே எல்லோரும் நினைக்கிறோம்? மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக அமைந்தது) உள்ள முன்பக்கத்தில், சக்கரத்தைக் கீழிருந்து வண்டியின் உடலோடு இணைக்கும் லோயர் ஆர்ம் ஏறத்தாழ படுக்கைவசமாகவோ சக்கரத்தை நோக்கிச் சற்றே கீழிறங்கியோ இருக்குமாறு வடிவமைத்திருப்பார்கள். அளவுக்கு மீறி இறக்கினால் அது சக்கரத்தை நோக்கி மேலேறத் தொடங்கும். அப்போது வண்டியின் ஈர்ப்பு மையம் இறங்குவதைவிட, அது எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி அதிகமாக இறங்கிவிடுகிறது. சாய்க்கும் நெம்புகோல் நீள்கிறது. சாயும்போது வெளிச்சக்கரத்தின் கேம்பரும், அதாவது அது நிமிர்ந்து நிற்காமல் சாயும் கோணமும், தவறான திசையில் ஓடி, டயர் தன் வெளி ஓரத்தில் மட்டும் நின்று தேய்கிறது. போதாக்குறைக்கு, ஸ்பிரிங் அமுங்க இடமில்லாமல் வளைவின் நடுவிலேயே ரப்பர் தடுப்பில் போய் இடிக்கும். இடித்த கணத்தில் முன்பக்கம் கல்லாகிவிடும். மூக்கு உடனே வெளியே ஓடும். இத்தனையும் காசு கொடுத்து நானே வாங்கிக்கொண்டது.

கடைசியில், நம் தாத்தா மெக்கானிக்கின் தம்பியிடம் போனேன். (அவரும் இப்போது தாத்தாதான்.) அவர் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஜாக்கியில் தூக்கி, லோயர் ஆர்ம் பொருத்தப்பட்டிருக்கும் இடத்தில் கடப்பாறையின் நுனியைக் கொடுத்து மெல்ல நெம்பினார். வெளியிலிருந்து பார்த்தால் முழுசாகத் தெரிந்த புஷ்ஷின், அதாவது ஆர்ம் பொருந்தும் மூட்டின், ரப்பர், பசித்த குழந்தையின் வாய்போல் திறந்துகொண்டது. நடுவிலிருந்த இரும்புக் குழல் ஒரு விரல் கனத்துக்கு முன்னும் பின்னும் நகர்ந்தது. "பிரேக் பிடிக்கும்போது ஒரு திசை, ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது ஒரு திசை என்று உங்கள் சக்கரமே தானாகத் திரும்பிக்கொள்கிறது, நீங்கள் ஸ்பிரிங்கைப் போய் மாற்றியிருக்கிறீர்கள்" என்றார். அந்த வார்த்தைக்கு நான் பதில் சொல்லவில்லை. புஷ்களும், ஆட்டம் கண்டிருந்த பால் ஜாயின்டும் (சக்கரம் திரும்ப இடம்தரும் குமிழ் மூட்டு), எண்ணெய் கசிந்து செத்துப்போயிருந்த ஷாக் அப்சார்பர்களும் மாறின. பழைய ஸ்பிரிங்குகளும் 13 அங்குலச் சக்கரங்களும் திரும்ப ஏறின.

அலைன்மென்ட்டை, அதாவது சக்கரங்கள் எந்தத் திசையில், எந்தச் சாய்வில் நிற்கின்றன என்பதை, அவர் நைலான் கயிற்றையும் இரும்பு அளவுகோலையும் வைத்தே பார்த்தார். வண்டியின் இரு பக்கமும் நான்கு ஸ்டாண்டுகளில் கயிற்றை இழுத்துக் கட்டி, ரிம்மின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் கயிற்றிலிருந்து உள்ள தூரத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு அளந்து, ஒவ்வோர் அளவையும் சுவரில் சுண்ணக்கட்டியால் எழுதினார். முன்சக்கரங்களை நேர்கோட்டிலிருந்து இம்மியளவு வெளிப்பக்கம் திருப்பி வைத்தார். வளைவில் நுழையும்போது வண்டி சட்டென்று திரும்புவதற்கு அது உதவும். பின்சக்கரங்களை ஒருபோதும் அப்படி வெளியே திருப்பக்கூடாது, அவை சற்று உட்பக்கம் பார்க்க வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார். முன் கேம்பரை ஒன்றரை பாகை எதிர்மறையாக, அதாவது சக்கரத்தின் தலை உட்பக்கம் சாயுமாறு, வைத்தார். டயர் காற்றைக் குளிர்ந்த நிலையில் கதவருகே ஒட்டியிருக்கும் தாளில் உள்ளபடி நிரப்பி, முன்பக்கம் மட்டும் 2 பி.எஸ்.ஐ. கூட்டிப் பார்க்கச் சொன்னார். வீடு திரும்பும் வழியில் அதே வளைவை அதே வேகத்தில் எடுத்தேன். ஸ்டியரிங்கில் எவ்வளவு கேட்டேனோ அவ்வளவு திரும்பியது. அன்றிரவே உனக்கு எழுதியிருக்க வேண்டும். அப்போது எழுதியிருந்தால் இது நல்ல கடிதமாக இருந்திருக்கும்.

ஆசை யாரை விட்டது? இவ்வளவு நன்றாக இருக்கிறதே, இன்னும் கொஞ்சம் என்று தோன்றியது. அங்கேதான் பின்பக்கத்து ஆன்டி ரோல் பார் வந்தது. அது வேலை செய்யும் விதத்தை உன் மகன் புரிந்துகொள்ள வேண்டும் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். வளைவில் உட்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்குப் பாரம் மாறுகிறது. மொத்தம் எவ்வளவு மாறும் என்பதை வண்டியின் எடையும், ஈர்ப்பு மையத்தின் உயரமும், சக்கரங்களுக்கிடையே உள்ள அகலமும், நீ வளைவை எடுக்கும் வேகமும் தீர்மானிக்கின்றன. எந்த பார் போட்டாலும் இந்த மொத்தம் பெரிதாகக் குறைவதில்லை. அதில் முன் அச்சு எவ்வளவு சுமப்பது, பின் அச்சு எவ்வளவு சுமப்பது என்ற பாகப்பிரிவினையைத்தான் பார் செய்கிறது.

பாகம் ஏன் முக்கியம் என்றால், டயருக்குப் பாரம் கூடக் கூடப் பிடிமானம் அதே விகிதத்தில் கூடுவதில்லை. தலா 300 கிலோ பாரமுள்ள இரண்டு டயர்கள் சேர்ந்து 600 கிலோ அளவுக்குப் பக்கவாட்டில் பிடிக்கின்றன என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள். ஒன்றுக்கு 450-ம் மற்றதற்கு 150-ம் ஆகிவிட்டால், கூட்டுத்தொகை அதே 600 என்றாலும் பிடிமானம் 580 போல இறங்கிவிடும். ஆக, எந்த அச்சில் பாரம் அதிகமாக இடம் மாறுகிறதோ அந்த அச்சுதான் முதலில் கையை விரிக்கும். பின்பாரைத் தடிமனாக்கினால் பாரம் மாறும் பொறுப்பு பின்னால் போகிறது, முன்டயர்களுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கிறது, மூக்கு வளைவுக்குள் வருகிறது. அதாவது, முன்பக்கத்துக்குக் கிடைத்ததைப் பின்பக்கத்திடமிருந்து பிடுங்கித்தான் கொடுத்திருக்கிறோம். இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் நான் அவனிடம் சொல்லவில்லை.

என் வண்டியில் இருந்தது 14 மில்லிமீட்டர் பார். நான் போட்டது 18. நான்கு மில்லிமீட்டர்தானே என்று நினைத்தேன். திண்மையான கம்பியின் முறுக்கு விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். வடிவம் அதேதான் என்றால் 14-க்கும் 18-க்கும் இடையே வித்தியாசம் சுமார் 2.7 மடங்கு. அது போதாதென்று, முனையில் இருந்த மூன்று துளைகளில் நெம்புகோல் மிகக் குட்டையாகும் துளையில், அதாவது மிக விறைப்பான நிலையில் பூட்டினேன். காய்ந்த சாலையில் ஆட்டுக்குட்டி ஆடியது பரதநாட்டியம். வளைவில் உட்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டு எழும்புவதைப் பின்னால் வந்த சுருட்டை பார்த்துவிட்டு, கம்பத்தைக் கண்ட நாய் மாதிரி இருக்கிறது என்றான். அதையும் நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

இதற்கிடையே இரண்டு டயர்கள் மாற்ற வேண்டி வந்தது. வேலை செய்வதெல்லாம் முன்சக்கரங்கள்தானே என்று புதிய இரண்டையும் முன்னால் போட்டு, ஆறு வயதான, பள்ளங்கள் தேய்ந்த பழைய இரண்டைப் பின்னால் தள்ளினேன்.

அன்று மழை தூறி நின்றிருந்தது. இறக்கத்தில் ஒரு வளைவு. பக்கத்தில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். நான் வேகமாகப் போகவில்லை என்பதை நீ நம்ப வேண்டும். வளைவின் நடுவில், எதிரே வந்த லாரி நடுக்கோட்டைத் தாண்டி எங்கள் பக்கம் வந்தது. பயத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தேன். அவ்வளவுதான் செய்தேன். காலை எடுத்ததும் பாரம் முன்னால் சாய்கிறது; ஏற்கெனவே இளைத்திருந்த பின்பக்கம் இன்னும் இலேசாகிறது; இறக்கம் அதற்கு ஒத்தாசை. சத்தமே இல்லாமல் என் முதுகுக்குப் பின்னால் வண்டி கிளம்பிப் போவதை உணர்ந்தேன். முன்சக்கர இழுவை வண்டியில் அந்த நேரத்தில் பிரேக்கைத் தொடாமல், மூக்கு போக வேண்டிய திசையில் ஸ்டியரிங்கைப் பிடித்து, மெல்ல ஆக்சிலரேட்டர் கொடுத்தால் முன்சக்கரங்கள் வண்டியை இழுத்து நேராக்கும். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். என் கால் பிரேக்கை மிதித்தது. நழுவலை அடக்கும் மின்னணுக் கட்டுப்பாடு எதுவும் ஆட்டுக்குட்டியில் கிடையாது. நாங்கள் வந்த திசையையே பார்த்தபடி, சாலையோர மண்ணில் பின்சக்கரங்கள் புதைய, எஞ்சின் அணைந்து நின்றோம். லாரி போய்விட்டிருந்தது. துடைப்பான் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்து அவள், "இதற்குத்தானா இவ்வளவு செலவு?" என்று மட்டும் கேட்டாள். ஒரு கீறலும் இல்லை, நண்பா. அந்த இடத்தில் தடுப்புச் சுவர் இல்லை என்பதையும், மண்ணுக்கு அப்பால் என்ன இருந்தது என்பதையும் மறுநாள் போய்த்தான் பார்த்தேன்.

இப்போது நான்கு டயர்களும் ஒரே ரகம், ஒரே வயது. இனி இரண்டு மட்டும் மாற்றுவதானால் புதியவை பின்னால்தான் போகும். முன்பக்கம் நழுவினால் ஸ்டியரிங் இளகிக் கைக்குச் சேதி சொல்லும், வேகத்தைக் குறைக்க அவகாசம் தரும், பின்பக்கம் அப்படி எந்தச் சேதியும் சொல்வதில்லை. பாரை நெம்புகோல் மிக நீளமான துளைக்கு மாற்றிவிட்டேன். மூக்கு இலேசாக வெளியே போகிறது. அது போகட்டும்.

உன் மகன் செய்ய வேண்டியது இவ்வளவுதான். டிக்கியில் நிரந்தரமாகக் குடியிருக்கும் மூட்டைகளை இறக்கட்டும், புஷ்ஷையும் ஷாக் அப்சார்பரையும் யாரையாவது நெம்பிப் பார்க்கச் சொல்லட்டும், அலைன்மென்ட்டைச் சரிசெய்யட்டும். டயரின் பக்கச்சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2317 என்றிருந்தால் 2017-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. எழுத்து உட்பக்கமாக இருந்தால் வண்டிக்கு அடியில் படுத்துத்தான் படிக்க வேண்டும், சட்டை அழுக்காகும் என்று சொல்லிவை. ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தின் இலக்கங்களையும் எழுதி எனக்கு அனுப்பட்டும். அவை வந்துசேரும்வரை பார் என்ற பேச்சையே அவன் எடுக்கக்கூடாது. எடுத்தானென்றால், நீ ஸ்கூட்டரோடு கிணற்றடியில் நின்ற கதையை அவனிடம் முழுவதுமாகச் சொல்லிவிடுவேன்.

என்றும் உன்,
மூன்றாவது பெஞ்சு