கல்லுக்கு அடியில் ஒரு தகப்பன்

பிளிமத், இங்கிலாந்து
ஜூன் மாதம்

அன்புள்ள எஸ்தர்,

உன் கடிதம் போன வாரம் வந்து சேர்ந்தது. மாடியில் அறை கட்டும் வேலை இன்னும் முடியவில்லை, சிமென்ட் தூசியில் இருமல் நிற்கவே இல்லை என்று எழுதியிருந்தாய். வேலை முடிகிறவரை உன் அக்கா வீட்டில் போய் இரு. கொத்தனாரைப் பார்த்துக்கொள்ள உன் மகன் போதும். இங்கே நாங்கள் எல்லாரும் நலம். மகளுக்கு இந்த மாதம் ஆஸ்பத்திரியில் இரவு வேலை. அதனால் பேத்தியைப் பள்ளிக்கு அனுப்புவது, கூட்டி வருவது எல்லாம் என் பொறுப்பு. குளிர் விட்டுவிட்டது. இரவு பத்து மணிக்கும் வானத்தில் வெளிச்சம் இருக்கிறது, அது மட்டும் எனக்கு இன்னும் பழகவில்லை.

"கடற்கரைக்குப் போய் அப்படி என்னதான் பார்க்கிறாய்?" என்று கேட்டிருந்தாய். பாறையிடுக்கில் வாழும் ஒரு சின்ன மீனைப் பார்க்கிறேன். பிளென்னி. கல்லூரியில் ஃபார்மலின் ஜாடிக்குள் பார்த்து, ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்து, தேர்வு முடிந்ததும் மறந்துபோனோமே, அதே குடும்பம்தான். சுமார் நானூறு இனங்கள் அதில் உண்டு. ஜாடிக்குள் இருந்தபோது வெளிறிப்போன ஒரு விரல்நீளப் பொருளாகத்தான் தெரிந்தது. உயிரோடு, அது குடியிருக்கிற இடத்திலேயே பார்த்தால் வேறு மாதிரி, எஸ்தர்.

நான் போகிற இடம் வெம்பரி. பிளிமத்துக்குத் தென்கிழக்கே சில மைல் தூரத்தில் இருக்கிற சிறிய ஊர். எதிரே கடலுக்குள் மியூஸ்டோன் என்ற முக்கோணப் பாறைத்தீவு நிற்கிறது. உங்கள் தூத்துக்குடியில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர் வித்தியாசம்கூட வராது. இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நாலரை மீட்டருக்கு மேல் கடல் இறங்கிவிடுகிறது. காலையில் அலை அடித்த இடத்தில் மத்தியானம் நடந்து போகலாம். அப்போது வரிவரியாகப் பாறைகள் வெளியே வருகின்றன, அவற்றுக்கு இடையில் குட்டைகள், குட்டைக்குள் பழுப்பும் சிவப்புமாய்க் கடற்பாசி. கடல் நீர் குளிர்காலக் கடைசியில் ஒன்பது டிகிரி, கோடை முடிவில் பதினாறு பதினேழு. உனக்கு அதில் கால் வைக்கவே மனம் வராது.

இந்தக் குட்டைகளில் அதிகம் பார்க்கக் கிடைப்பது ஷானி என்கிற பிளென்னி. பெரிதாக வளர்ந்தால் ஒரு சாண் நீளம்கூட வராது. செதில் கிடையாது, உடம்பு முழுக்க வெண்டைக்காய்ச் சாறு போல் ஒரு வழுவழுப்பு. அந்த வழுவழுப்பு இருப்பதால்தான் சொரசொரப்பான பாறையில் அலை தூக்கி அடித்தாலும் காயம் குறைவு. தண்ணீர் வற்றிப்போன பிறகும் ஈரப்பாசிக்கு அடியில் உடம்பு காயாமல், தோல் வழியாகவும் மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்க முடிகிறது. காற்றுப்பை இல்லாததால் மிதக்காது, அடியிலேயே இருக்கும். இடுப்புத் துடுப்பு இரண்டு மூன்று கம்பிகளாகச் சுருங்கி, முன்னால் ஊன்றிக்கொள்ளும் கால்களாகிவிட்டது. அதை ஊன்றி, தலையை நிமிர்த்தி, இரண்டு கண்களையும் தனித்தனியாக உருட்டிப் பார்க்கும். நாம் அதைப் பார்க்கிறோம் என்று அதற்குத் தெரிகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. தாடை பலமானது. பாறையில் ஒட்டியிருக்கிற, ஓடுள்ள சிறு உயிரான கொட்டலசு (பார்னக்கிள்) வெளியே நீட்டும் இழைகளைக் குட்டி மீன்கள் கடித்துப் பிடுங்கும். பெரிய மீன்கள் கொட்டலசை முழுசாகவே உடைத்துத் தின்னும். விரலைக் கொடுத்தால் விரலையும் கடிக்கும். பேத்திக்கு அந்த அனுபவம் உண்டு.

கடல் இறங்குவதற்கு முன்பே தன் இடுக்குக்குத் திரும்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் வெயிலிலோ கடற்காகத்தின் அலகிலோ முடிவு. அந்த நேரம் அதற்கு எப்படித் தெரிகிறது? 1960களில் ராபின் கிப்சன் என்ற ஆய்வாளர் ஷானியைப் பிடித்துப்போய், ஆய்வுக்கூடத் தொட்டியில் அலையே இல்லாமல், ஒளியையும் வெப்பத்தையும் மாற்றாமல் வைத்துப் பார்த்தார். பிடித்த கரையில் ஏற்றம் வருகிற வேளையில் மீன் தொட்டிக்குள் சுறுசுறுப்பாக நீந்தியது. வற்றுகிற வேளையில் அடங்கியது. ஏறக்குறைய பன்னிரண்டரை மணி நேரச் சுற்று அது. சில நாட்களில் அந்தத் தாளம் மெல்ல மங்கியது. ஆனால் தொட்டி நீரின் அழுத்தத்தை ஏற்றி இறக்கினால் திரும்ப வந்தது. தலைக்கு மேல் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதை உடம்பால் அறிந்து, அதை வைத்தே உள்ளே ஓடும் கடிகாரத்தைச் சரி செய்துகொள்கிறது. இதைப் படித்த அன்று நான் வேறு எதையும் படிக்கவில்லை.

ஆனால் உனக்கு நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அதன் வீட்டைப் பற்றி. வீடு என்றால் ஒரு பொந்து, ஒரு பாறை வெடிப்பு, அல்லது ஒரு கல்லின் அடிப்பக்கம். ஒரு பிளென்னியின் வாழ்க்கையில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது அந்த இடம்தான்.

வசந்தம் வந்ததும் ஆண் ஷானி நல்ல இடமாகப் பார்த்துப் பிடித்துக்கொள்கிறது. அதன் உடம்பு கறுத்துவிடும், உதடு மட்டும் வெள்ளை. முதல் தடவை பார்த்தால் வேறு இனம் என்றே நினைப்பாய். பெண் மீன் வந்து பொந்தின் கூரையிலோ சுவரிலோ முட்டைகளை ஒற்றை அடுக்காக, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் ஒட்டிவிட்டுப் போய்விடும். அப்புறம் இன்னொரு பெண் வரும், அதற்குப் பக்கத்தில் ஒட்டும். ஒரே கூரையில் நேற்றைய முட்டையும் பத்து நாள் முட்டையும் சேர்ந்து இருக்கும். முதிர்ந்த முட்டைகளில் குஞ்சின் கண்கள் கரும்புள்ளிகளாகத் தெரியும். இத்தனையையும் காப்பது தகப்பன் மட்டும். துடுப்பால் விசிறிப் புதுத் தண்ணீர் ஓட விடுகிறது, திருட வருகிறவர்களை விரட்டுகிறது. நீரின் வெப்பத்தைப் பொறுத்து ஒன்றரை, இரண்டு மாதம் இந்த வேலை. கடல் வற்றிப் பொந்தில் தண்ணீரே இல்லாமல் போனாலும், ஈரம் மட்டும் மிச்சமிருக்கிற அந்தக் கல்லுக்கு அடியில் அது முட்டையோடு கிடக்கும். என் அப்பா துறைமுக வேலை முடிந்து வந்து எங்கள் நால்வரையும் வளர்த்ததை நீ பார்த்திருக்கிறாய். அதனால்தானோ என்னவோ, இந்த மீனிடம் எனக்கு இத்தனை பிரியம்.

ஷானி கரைமேட்டு மீன். கொஞ்சம் ஆழத்தில் டாம்பாட் என்று ஒன்று உண்டு. உயிரினங்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் 1758-லேயே பெயர் வைத்த மீன். தடித்த உதடு, சிவந்த கண், ஒவ்வொரு கண்ணுக்கு மேலும் கிளை விட்ட ஒரு சிறு கொம்பு. இது ஒரு சாணையும் தாண்டி வளரும். பால் நெய்லர் என்ற கடல் உயிரியலாளர், நீருக்கடியில் படம் எடுப்பவர், எங்கள் டெவன் மாவட்டக் கரையில் டாம்பாட்களின் முகத்தை மட்டும் படம்பிடித்து ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். முகத்தில் உள்ள கோடும் புள்ளியும் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு. அதை வைத்து ஆளை அடையாளம் கண்டுகொள்ளலாம். வலை போட வேண்டாம், மீனின் உடம்பில் எதையும் குத்த வேண்டாம். அப்படிப் பார்த்ததில், ஒரே ஆண் ஒரே வெடிப்பை ஆண்டுக்கணக்கில் விடாமல் வைத்திருப்பது தெரிந்தது. அடுத்த வெடிப்புக்காரனோடு சண்டை போட்ட வடுவும் முகத்தில் இருக்கும். எனக்கு இந்த ஆராய்ச்சி முறை மிகவும் பிடித்திருக்கிறது. ஒரு உயிரைத் தெரிந்துகொள்ள அதைக் கொல்லத்தான் வேண்டும் என்று நாம் கற்றுக்கொண்ட காலத்தை நினைத்துப் பார்.

பொந்து கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் போர்ச்சுகலில் ஒரு பாடம் இருக்கிறது. அல்கார்வ் கரையில் ரியா ஃபார்மோசா என்று ஒரு காயல், அதில் குலாட்ரா என்று ஒரு தீவு. அங்கே மயில் பிளென்னி வாழ்கிறது. மணலும் சேறுமான தரை, பாறையே அரிது. சிப்பி வளர்ப்பவர்கள் தங்கள் நிலத்துக்கு எல்லை காட்ட ஓட்டைச் செங்கற்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தச் செங்கல் ஓட்டைகள்தான் ஆண்களுக்குக் கூடு. ஓட்டைகளோ கொஞ்சம், ஆண்களோ நிறைய. பெரிய ஆண்கள் ஓட்டையைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்துவிடுகின்றன. பெண்கள்தான் நிறம் காட்டி, துடுப்பை அடித்துக்கொண்டு, வாசலில் வந்து அவற்றை மயக்க வேண்டியிருக்கிறது. இடம் கிடைக்காத சின்ன ஆண்கள் பெண் வேடம் போடுகின்றன. அதே நிறம், அதே அசைவு. அப்படியே கூட்டுக்குள் நுழைந்து முட்டைகளைக் கருவுறச் செய்துவிட்டு வெளியே வந்துவிடும். லிஸ்பன் ஆய்வாளர்கள் 1990களில் இதையெல்லாம் விரிவாக எழுதியிருக்கிறார்கள். பாறை நிறைய உள்ள ஏட்ரியாடிக் கரையில் இதே இனத்தில் ஆண்தான் பெண்ணைத் தேடி அழைக்கிறது. குணம் என்று நாம் சொல்வதில் எவ்வளவு பங்கு குடியிருக்கும் இடத்துடையது! வகுப்பில் யாராவது "ஆண் என்றால் இப்படித்தான், பெண் என்றால் இப்படித்தான்" என்று சொன்னால் நீ இந்தச் செங்கல் கதையைச் சொல்லு.

கடல் சூடாகி வருவது இங்கேயும் தெரிகிறது. மத்தியதரைக்கடல், போர்ச்சுகல் பக்கம் இருந்த இன்னொரு பிளென்னி, மஞ்சள், கறுப்பு, பழுப்பு என்று பல நிறங்களில் வருவது, இந்த நூற்றாண்டில்தான் பிளிமத் பாறைகளில் குடியேறியிருக்கிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பொந்துகள் எண்ணிக்கையில் கூடவில்லையே. 2025-ல் இந்தக் கரைக்கு நண்டு தின்னும் பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்) கூட்டம் கூட்டமாக வந்தது. 1950-க்குப் பிறகு இவ்வளவு வந்ததில்லை என்றார்கள். நண்டுக்கூடு போடுகிறவர்கள் எடுத்துப் பார்த்தால் உள்ளே வெறும் ஓடுதான். நண்டை நம்பிப் பிழைக்கிற குடும்பங்களை நினைத்தால் கவலையாக இருக்கிறது.

இப்போது உன்னிடம் ஒரு விஷயம் கேட்க வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளை முயல்தீவுக் கரைக்கு அழைத்துப் போகப் போவதாக எழுதியிருந்தாய். சந்தோஷம், கட்டாயம் போ. ஆனால் பிள்ளைகள் முதலில் செய்வது கல்லைப் புரட்டுவதுதான். இங்கேயும் அப்படியே, விடுமுறை நாளில் வெம்பரிக்குப் போனால் வயிறு மேலே தெரியக் கவிழ்ந்து கிடக்கிற கற்களைப் பார்க்கலாம். அடிப்பக்கத்தில் ஒட்டியிருந்த முட்டைகள் வெயிலில் காய்ந்துவிடும், இல்லாவிட்டால் பறவைக்குப் போய்விடும். மேல்பக்கத்தில் இருந்த பாசி வெளிச்சம் இல்லாமல் அழுகும். ஒரே கல், இரண்டு பக்கமும் இரண்டு ஊர். புரட்டிப் பார்க்காதே என்று பிள்ளைகளிடம் சொல்லி நிற்காது, பார்க்கட்டும். மெதுவாகத் தூக்கி, பார்த்துவிட்டு, முன்பு இருந்த பக்கம் இருந்தபடியே அதே பள்ளத்தில் வைக்கச் சொல். முட்டை இருந்தால் உடனே மூடிவிடச் சொல். வாளியில் மீனைப் பிடித்தால் வாளியை நிழலில் வைத்து, பிடித்த குட்டையிலேயே விட வேண்டும். வேறு குட்டையில் விட்டால் அதற்கு அங்கே வீடு இல்லை. நான் பேத்தியிடமும் அவள் தோழிகளிடமும் இதைத் தினமும் சொல்கிறேன். வழியில் யாரோ கவிழ்த்துப் போட்ட கற்களைத் திருப்பி வைத்துக்கொண்டே வருகிறேன். முதுகு வலிக்கிறது, ஆனாலும் செய்கிறேன்.

உங்கள் பக்கத்துக் கற்பாறைகளிலும் பிளென்னிகள் உண்டு. துறைமுகத் தடுப்புச் சுவர்க் கற்களில் அலை வந்து போகிற விளிம்பை நின்று பார். தண்ணீருக்கு வெளியே ஒட்டிக்கொண்டு, ஆள் நிழல் பட்டதும் துள்ளி விழுகிற சின்ன மீன்கள் தெரிந்தால் கண்ணுக்கு மேல் கொம்பு இருக்கிறதா, தலையில் கொண்டை இருக்கிறதா என்று குறித்து வை. பழைய பழக்கப்படி பென்சிலில் ஒரு படம் வரைந்து அனுப்பு. உன் கை வரைந்த மீன் எதுவும் எனக்கு நன்றாக அடையாளம் தெரியும். கரைவலைக்காரர்கள் அதை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்றும் கேட்டு எழுது.

மே மாதம் இங்கே வருவது பற்றி யோசித்தாயா? விசாவுக்கான தாள்களை மகள் தயார் செய்து தருகிறேன் என்கிறாள். மே என்றால் முட்டை காக்கும் காலம், குளிரும் அவ்வளவு இருக்காது. ரப்பர் பூட்ஸ் உன் அளவில் இங்கேயே வாங்கிக்கொள்ளலாம். வரும்போது கருப்பட்டியும், உன் வீட்டு நார்த்தங்காய் ஊறுகாயும் கொண்டு வா, வேறு ஒன்றும் வேண்டாம்.

இருமலுக்கு டாக்டரைப் பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
வள்ளி