அம்மாவின் வீணை, நாடா, நோட்டு: திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அம்மா மறைந்த பிறகு கூடிய முதல் கூட்டத்தில் மூன்று வேலைகளை எடுத்துக்கொண்டோம். அவர் வாசித்த வீணையைப் பழுது பார்ப்பது, அலமாரியில் கிடந்த ஒலிநாடாக்களைக் கணினிக்கு மாற்றுவது, பாட நோட்டுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைப்பது. மூன்றும் முடிந்துவிட்டன. ஒரு வருடம் என்று சொல்லி இரண்டு வருடத்துக்கு மேல் இழுத்துவிட்டோம். அதில் என் தவறும் உண்டு, கீழே சொல்கிறேன்.

அதற்கு முன் இரண்டு விஷயம். 'திருப்பணி' என்பது கோயிலுக்கான சொல், வீட்டில் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவரின் வீணைக்கு அதை வைக்கலாமா என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டிருந்தார். பெயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அன்று தள்ளிவைத்தோம். அடுத்தது, அவரை எப்படிக் குறிப்பிடுவது என்பது. பிள்ளைகளுக்கு அம்மா, எங்களுக்குப் பாட்டி, மாணவர்களுக்கு டீச்சர், தெருவுக்கு அக்கா. குழுவில் நான்கு தரப்பும் இருப்பதால் 'அம்மா' என்றே எழுதியிருக்கிறேன். நான் பேரன். நடுவில் 'பாட்டி' என்று வந்துவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீணையில் தொடங்குகிறேன். கடைசிப் பத்து வருடம் அம்மாவுக்கு மணிக்கட்டு ஒத்துழைக்கவில்லை. வீணை உறைக்குள் போய்ப் பரணுக்கு ஏறியது. இறக்கியபோது குடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, பலா மரம் அல்லவா. ஆனால் தந்தியை முறுக்கும் பிருடைகளில் இரண்டு திரும்பவில்லை, தந்திகள் துருவேறியிருந்தன, மெழுகு வெடித்திருந்தது.

வாசிக்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. வீணைக்கு 24 மெட்டுகள், அதாவது தந்தியை அழுத்தும் குறுக்குக் கம்பிகள். ஸ முதல் மேல் ஸ வரையான ஒரு ஸ்தாயிக்கு 12 வீதம். கிட்டாரில் போல அவை மரத்தில் அறைந்தவை அல்ல. தேன்மெழுகில் கரித்தூள் கலந்த கறுப்பு மெழுகில் பதிந்து நிற்பவை. வெயில் பட்டால் மெழுகு இளகி மெட்டு நகர்ந்துவிடும். வருடக்கணக்கில் தொடாமல் விட்டால் மெழுகு இறுகிப் பிளந்துவிடும். அப்படி ஆனால் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஒவ்வொரு ஸ்வரத்தையும் காதால் கேட்டு மறுபடி மெட்டு வைக்க வேண்டும். 'மேளம் கட்டுவது' என்பார்கள். அவசரப்படுத்தினால் காலத்துக்கும் அபஸ்வரம்தான்.

வேலையை எடுத்துக்கொண்டவர் வீணையை மடியில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இது கச்சேரி வீணையா, பாட வீணையா?" என்று கேட்டார். நாங்கள் பதில் சொல்வதற்குள் அவரே மெட்டுகளை எண்ண ஆரம்பித்தார். முதல் வாசிப்புத் தந்தியான சாரணிக்குக் கீழே 1, 4, 5, 7, 8, 11, 12 ஆகிய மெட்டுகளில் நகத்தால் தடவினாலே தெரியும் பள்ளம். 2, 3, 6, 9, 10 ஏறக்குறையப் புதிது போல இருந்தன. "மாயாமாளவகௌளை தேய்ந்திருக்கு" என்றார்.

எங்களில் இசை தெரிந்தவர்களுக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. மற்றவர்களுக்கு விளக்கம் தேவைப்பட்டது. கற்றுக்கொள்ள வரும் எந்தக் குழந்தைக்கும் முதல் பாடம் 15-ஆவது மேளமான (தாய் ராகமான) மாயாமாளவகௌளையில்தான். புரந்தரதாசர் (1484–1564) ஏற்படுத்திக் கொடுத்த வழி என்று சொல்வார்கள். ஸட்ஜம் வெறும் தந்தி. ரி முதல் மெட்டு, க நான்காவது, ம ஐந்து, ப ஏழு, த எட்டு, நி பதினொன்று, மேல் ஸ பன்னிரண்டு. அந்த ஏழு மெட்டுகளையும் தேய்த்தது அம்மா மட்டுமல்ல, இந்த அறிக்கையைப் படிக்கும் உங்களில் பாதிப்பேர். முப்பது வருடத்துக்கு மேல், சாயங்காலம் தோறும், சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் என்ற ஆரம்பப் பாடங்கள்.

'திருப்பணி' பற்றிக் கேட்ட மூத்த உறுப்பினரும் அன்று கூட வந்திருந்தார். அந்தப் பள்ளங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். பெயரைப் பற்றி அதன்பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை.

இன்னொன்றையும் வீணையைப் பழுது பார்த்தவர்தான் காட்டினார். புதிது போல என்று சொன்ன மெட்டுகளில் 2, 6, 9 மூன்றிலும் பள்ளம் இல்லை, ஆனால் அகலமாக, மேலோட்டமாக ஒரு மினுக்கம் இருந்தது. குழந்தைகள் நேராக அழுத்தினால் பள்ளம் விழும். தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, ஸ்வரத்தை அசைத்துக் கமகம் வாசித்தால் இப்படிப் பளபளப்பு வரும். மாயாமாளவகௌளையில் வருவதைவிட ஒரு மெட்டு உயர்ந்த ரி, ம, த: சதுஸ்ருதி ரிஷபம், பிரதி மத்தியமம், சதுஸ்ருதி தைவதம். கல்யாணி ராகமாக இருக்கலாம் என்றார். அத்தையிடம் கேட்டோம். எல்லோரும் தூங்கிய பிறகு அம்மா விளக்கைக் குறைத்துவிட்டுக் கல்யாணி வாசிப்பார் என்றும், தான் தூங்குவதுபோலப் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்ததாகவும் சொன்னார். எங்களில் யாருக்கும் இது தெரியாது.

ஏன் மேடை ஏறவில்லை என்று அம்மாவைப் பலரும் கேட்டிருக்கிறார்கள். வீணை தனம்மாளைத்தான் (1867–1938) பதிலாகச் சொல்வார். சென்னையில் தன் வீட்டிலேயே வெள்ளிக்கிழமை மாலை வாசிப்பார், பெரிய வித்வான்களே அங்கே வந்து உட்கார்ந்து கேட்பார்கள், பேத்திகள் பிருந்தா, முக்தா, பாலசரஸ்வதி எல்லாம் அந்த வாசிப்பைக் கேட்டு வளர்ந்தவர்கள் என்று. தனம்மாள் வெளியிலும் கச்சேரி செய்தவர், 1932-இல் இசைத்தட்டிலும் பதிந்தவர் என்பதை அம்மா சொல்லமாட்டார். எனக்கு அந்தப் பதில் முழு மனசோடு சொன்னதாகத் தோன்றியதே இல்லை. மூன்று பிள்ளைகள், படுத்த படுக்கையாக ஒரு மாமியார், வாசலில் எப்போதும் யாராவது ஒருவர். 2, 6, 9-ஐப் பார்த்தபின் அந்தச் சந்தேகம் இன்னும் வலுத்திருக்கிறது.

சரி, வேலைக்கு வருவோம். பள்ளம் விழுந்த மெட்டில் தந்தி கரகரக்கும், மாற்றித்தான் ஆக வேண்டும். வீணையை அப்படியே கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிடலாம் என்று நான்கு பேர் சொன்னார்கள். மற்ற எல்லோரும் வாசிக்கத்தான் வேண்டும் என்றோம். ஏழு மெட்டுகள் மாற்றப்பட்டன. பழைய ஏழும் எண் எழுதிய உறையில் பத்திரமாக உள்ளன. 2, 6, 9-ஐத் தொடவில்லை, துடைத்து மட்டும் வைத்தோம். வாசிப்புத் தந்தி நான்கும் பக்கத் தந்தி மூன்றும் புதியவை.

அடுத்து நாடாக்கள். மொத்தம் 61. என் தவறு இங்கேதான். ஆர்வக்கோளாறில் முதல் நாடாவை வீட்டிலிருந்த பழைய பிளேயரில் நானே போட்டுப் பார்த்தேன். அது 90 நிமிட நாடா. 60 நிமிட நாடாவைவிட அதன் தடிமன் குறைவு. உருளையில் சுற்றிக்கொண்டு கசங்கியது. ஒரு நிமிடம் அளவுக்குப் பதிவு போய்விட்டது. அதன்பிறகு எல்லாவற்றையும் ஒலிப்பதிவுத் தொழில் தெரிந்தவரிடம் ஒப்படைத்தோம். அவருக்கு வேறு வேலைகளும் இருந்ததால் மாதங்கள் ஓடின.

அவர் செய்ததில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஒவ்வொரு பிளேயரும் கொஞ்சம் வேகமாகவோ மெதுவாகவோ ஓடும். வேகம் நூற்றுக்கு ஆறு கூடினால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். சில நாடாக்களில் அம்மாவின் குரல் பதினைந்து வயதுப் பெண்போலக் கேட்டதற்கு இதுதான் காரணம். சரியான வேகம் எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? மின் இணைப்பில் ஓடிய கருவியில் பதிந்தவற்றில், பாட்டுக்கு அடியில் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரமும் மெலிதாகப் பதிந்திருக்கிறது. அதை அளந்து வேகத்தைத் திருத்தினார். பேட்டரியில் பதிந்தவற்றுக்கு அம்மாவின் பழைய துருத்திச் சுருதிப்பெட்டிதான் கைகொடுத்தது. உள்ளே உலோக நாக்குகள் அதிர்ந்து ஒலிக்கும் கருவி, அதன் சுருதி அவ்வளவாக மாறாது.

பின்னணிச் சத்தங்களை எடுப்பதா என்பதில் மூன்று கூட்டம் போனது. அழைப்பு மணி, குழந்தை அழுகை, கதவு. எடுத்துத் துல்லியமாக்கலாம் என்று ஒரு தரப்பு. 22-ஆம் நாடாவைக் கேட்ட பிறகு அந்தப் பேச்சு நின்றது. வர்ணம் என்ற வகை உருப்படி ஒன்றின் நடுவில் வாசலில் குரல் கேட்கிறது. அம்மா "இரு, வந்துட்டேன்" என்று எழுந்து போகிறார். கருவி ஓடிக்கொண்டே இருக்கிறது. யாரோ ஒரு பெண் அழுகிறார், அம்மா தணிந்த குரலில் பேசுகிறார். பதினோரு நிமிடம் கழித்து வந்து உட்கார்ந்து, விட்ட ஸ்வரத்திலிருந்து அதே காலப்பிரமாணத்தில் (வேகத்தில்) தொடர்கிறார். எல்லாச் சத்தத்தையும் விட்டுவிட முடிவு செய்தோம். அந்தப் பதினோரு நிமிடத்தை மட்டும் உறுப்பினர்களுக்கான பிரதியிலிருந்து நீக்கியிருக்கிறோம். அது அந்தப் பெண் அம்மாவை நம்பிச் சொன்னது, நமக்குச் சொன்னதல்ல.

எல்லாப் பதிவும் 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் மூன்று பிரதிகளாக உள்ளன. ஒன்று வேறு வீட்டில்.

நோட்டுகளில் பெரிய சிக்கல் இல்லை. மேல் ஸ்தாயிக்கு மேலே புள்ளி, கீழ் ஸ்தாயிக்குக் கீழே புள்ளி, அம்மாவின் கையெழுத்து அச்சு மாதிரி. படமெடுத்தவர்கள் சில இடங்களில் பூச்சி அரித்த ஓட்டையைப் புள்ளி என்று எடுத்துக்கொண்டார்கள், மூத்த மாணவிகள் திருத்தினார்கள். பின்னட்டைகளையும் படமெடுக்கச் சொன்னோம். எங்கள் தடுப்பூசித் தேதிகள், யாரிடம் சுருதிப்பெட்டி இரவல் போயிருக்கிறது, எந்தப் பிள்ளைக்குப் பரீட்சை, அதனால் எந்த வாரம் வகுப்பு வேண்டாம் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. இரவல் பட்டியலில் திரும்பி வராத சுருதிப்பெட்டி ஒன்று இன்னும் இருக்கிறது. வைத்திருப்பவர் இதைப் படித்தால், கேள்வி எதுவும் கேட்கமாட்டோம்.

கணக்கு தணிக்கை முடிந்து தனித்தாளில் இணைக்கப்பட்டிருக்கிறது. மீதியை வீணையின் தந்திக்கும் அடுத்த மேளம் கட்டுதலுக்கும் ஒதுக்கியிருக்கிறோம். வீணை இப்போது மூத்த மாணவி ஒருவரின் பொறுப்பில் உள்ளது. அவரிடம் நான்கு குழந்தைகள் சரளி வரிசை ஆரம்பித்திருக்கிறார்கள்.

கடைசியாக ஓர் உதவி வேண்டும். 47-ஆம் நாடாவில் பெயரோ தேதியோ இல்லை. இரண்டாம் பக்கத்தில் ஒரு சிறு குழந்தை ஜண்டை வரிசையைப் பாதியில் நிறுத்திவிட்டு, "டீச்சர், விரல் வலிக்குது, நாளைக்கு வாசிக்கட்டுமா?" என்கிறது. அம்மா சிரிக்கிறார். "நாளைக்கும் வலிக்கும், இப்பவே வாசிச்சுடு" என்கிறார். குரல் யாருடையது என்று எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லோரும் ஒருமுறை கேட்டுப் பார்த்து, தெரிந்தால் சொல்லுங்கள். உறையில் பெயர் எழுத வேண்டும்.

செயலர்,
நினைவுத் திருப்பணிக் குழு