மங்கியது பல்ப் அல்ல, பிழை பொருத்திய இடத்தில்

முகாமையாளர்,
விற்பனைக்குப் பின்னான சேவைப் பிரிவு.

ஐயா,

தரம் 10 வகுப்பறை புரொஜெக்டர் தொடர்பானது

"பல்ப் மங்கிவிட்டது, மாற்ற வேண்டும்" என்று உங்கள் தொழில்நுட்பவியலாளர் எழுதித் தந்த விலைக்கூற்றை நாங்கள் ஏற்கவில்லை. பல்ப் ஓடிய நேரம் 412 மணித்தியாலம் என்று மெனு காட்டுகிறது. கையேட்டில் அதன் ஆயுள் 4000.

கையேட்டின்படி இந்தக் கருவியின் எறிதூர விகிதம் (லென்ஸுக்கும் திரைக்கும் உள்ள தூரத்தைப் பட அகலத்தால் வகுத்தது) 1.5 முதல் 1.65 வரை. திரையின் அகலம் 2 மீற்றர். ஆகவே லென்ஸ் திரையிலிருந்து 3 முதல் 3.3 மீற்றருக்குள் இருக்க வேண்டும். அந்த இடத்தில் மின்விசிறி சுற்றுகிறது. உங்கள் ஆட்கள் கருவியை 4.2 மீற்றருக்குப் பின்தள்ளி, விசிறி இதழ் ஒளியை வெட்டாதபடி 60 சென்ரிமீற்றர் பக்கவாட்டிலும் நகர்த்திவிட்டார்கள். அங்கிருந்து சூமை எவ்வளவு குறைத்தாலும் படம் 2.55 மீற்றர் அகலத்துக்கு விழும். அதை மெனுவில் டிஜிட்டலாகச் சுருக்கி, கோணலைக் கீஸ்டோன் என்ற பட வடிவத் திருத்த வசதியால் நிமிர்த்தியிருக்கிறார்கள். அகலவாக்கில் உள்ள 1024 படப்புள்ளிகளில் (பிக்சல்) ஏறத்தாழ 800தான் இப்போது படத்துக்குப் பயன்படுகின்றன. 3000 லூமன்ஸ் (ஒளியின் அளவு) என்று விற்ற கருவியிலிருந்து திரைக்கு வருவது 1850க்கும் குறைவு. மிச்ச ஒளியில் கசிவது திரையைச் சுற்றிச் சுவரில் சாம்பல் சட்டமாக விழுகிறது. அறை விளக்கை அணைத்தால் எவருக்கும் தெரியும்.

பின்வாங்கில் இருந்து பார்த்தால் 'ண', 'ன' இரண்டும் ஒன்றுபோல இருக்கின்றன. மெய்யெழுத்துகளின் புள்ளி சில வரிகளில் அடியோடு மறைகிறது. கணிதப் பாடத்தில் தசமப் புள்ளிக்கும் அதே கதிதான்.

அடுத்தது, திருட்டுப் பயத்துக்கென்று நீங்களே விற்ற இரும்புக்கூடு. சூடான காற்று வெளியேறும் பக்கத்தில் கையேடு கேட்பது 30 சென்ரிமீற்றர் இடைவெளி. கூட்டுக்குள் இருப்பது 4. இரண்டு பாடவேளை தொடர்ந்து ஓடினால் வெப்பநிலை விளக்கு எரிந்து கருவி தானாக நின்றுவிடுகிறது. பாதரச ஆவி பல்ப் ஆறும்வரை மறுபடி பற்றாது, மிச்சப் பாடம் வெண்பலகையில்தான். கூட்டின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு 80 நிமிடம் ஓட்டிப் பார்த்தோம், ஒருமுறையும் நிற்கவில்லை. புது பல்ப் போட்டாலும் இதே கூட்டுக்குள் அதுவும் அற்பாயுளில் போகும்.

இந்த அறைக்கு ஏற்றது 0.5 விகிதக் குறுந்தூரப் புரொஜெக்டர். திரைக்கு 1 மீற்றர் முன்னால், மின்விசிறிக்கு இப்பால் மாட்டலாம். பாடம் நடத்துபவரின் நிழலும் பெரிதாக விழாது. கருவியை மாற்றித் தாருங்கள், விலை வித்தியாசத்தைச் செலுத்துகிறோம். மறுபடி பொருத்தும் கூலி உங்களுடையது. கூட்டை எடுத்துக்கொண்டு அதன் பணத்தைத் திருப்பித் தாருங்கள், பாதுகாப்புக்குப் பூட்டுக் கம்பி போதும்.

14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் நுகர்வோர் விவகார அதிகார சபையிடம் முறையிடுவோம். மெனுப் பக்கத்தின் படமும் அறையின் அளவுப்படமும் இணைக்கப்பட்டுள்ளன. சனிக்கிழமை காலையில் அறை காலியாக இருக்கும். வருபவர்களிடம் இந்தமுறை அளவுநாடா ஒன்றும் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தகவல் தொழில்நுட்பப் பிரிவு ஆசிரியர்கள்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.