ஹூவரை எறிந்துவிடாதே, பிள்ளை

அன்புள்ள பிள்ளைக்கு,

நேற்றுப் போனில் நீ சொல்லத் தொடங்கியதும் ஜிம்மி குரைக்க, பூனை ராணி எதையோ தட்டி விழுத்த, "பிறகு எடுக்கிறேன் அப்பா" என்று வைத்துவிட்டாய். நீ பிறகு எடுக்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியும், அதனால் எழுதுகிறேன். எனக்கு விளங்கினது இவ்வளவுதான்: தூசி உறிஞ்சுகிற உன் ஹூவர் மெஷின் இழுக்கவில்லை, ரப்பர் கருகின மணம் வருகிறது, வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை, எறிந்துவிட்டு வேறு வாங்கப் போகிறாய். அவசரப்படாதே. மெஷின் பழுதாகியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

வாங்குமுன் என்னைக் கேட்டிருந்தால் தூசி சேர உள்ளே பை வைத்ததை வாங்கு என்றுதான் சொல்லியிருப்பேன். லண்டனில் இரவிரவாக ஒபிஸ் துப்புரவு செய்த எங்கள் ஆட்களில், பை இல்லாத மெஷினை விரும்பி எடுத்த ஒருவரை நான் கண்டதில்லை. எங்கே போனாலும் முகம் வரைந்த அந்தச் சிவப்பு ஹென்றிதான் நிற்கும். 1981இல் வந்த மெஷின், சமர்செட்டில் சார்ட் என்ற ஊரில் செய்கிறார்கள். பை நிறைந்தால் வாயை மூடிக் கழற்றி எறிந்துவிட்டு அடுத்ததைப் போட்டுக்கொள்ளலாம், தூசி முகத்துக்கு வராது. ஆனால் அறை முழுக்கக் கார்பெட் போட்ட வீட்டில், அதுவும் நாய் உருண்டு படுக்கிற கார்பெட்டில், ஹென்றியின் சாதாரண வாய் காணாது. சுழல்கிற பிரஷ் வேண்டும். அந்த வகையில் நிமிர்ந்து நிற்கிற மெஷினை நீ எடுத்தது சரிதான்.

இந்த நிமிர்ந்த வகையை முதலில் செய்தவரும் எங்களைப் போல ஒரு துப்புரவுத் தொழிலாளிதான், தெரியுமா? அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் காண்டன் என்ற ஊரில் ஒரு பெரிய கடையில் கூட்டுகிற வேலை பார்த்த ஜேம்ஸ் மரே ஸ்பாங்லர். மனிதருக்கு ஆஸ்துமா, கூட்டும்போது கிளம்புகிற தூசியில் மூச்சு இழுக்கும். மின்விசிறி மோட்டார் ஒன்று, தும்புத்தடிப் பிடி ஒன்று, தூசி பிடிக்கத் தலையணை உறை ஒன்று என்று கையில் கிடைத்ததை வைத்துச் செய்து, 1908இல் காப்புரிமையும் எடுத்தார். பிறகு ஹூவர் குடும்பம் அதை வாங்கியது, பெயரும் அவர்களுக்கே போய்விட்டது. அந்த முதல் மெஷினிலேயே சுழல்கிற பிரஷ் இருந்தது. காற்று மட்டும் இழுத்தால் கார்பெட் நூலுக்குள் முறுகிக் கிடக்கிற முடி வராது. பிரஷ் அதைத் தட்டிக் கிளப்ப வேண்டும். பிரஷ் சுழலாவிட்டால் உன் மெஷின் வெறும் சத்தம்தான்.

ஆகவே முதலில் பிரஷைப் பார். சுவிட்சை நிறுத்தினால் போதாது, பிளக்கையே கழற்று. பழைய பேப்பரை விரித்து மெஷினை மல்லாக்கப் படுக்க வை. அடிப்பக்கத்தில் ஓர் உருளை தெரிய வேண்டும். உன்னுடையதில் உருளை தெரியாது, முடி சுற்றின ஒரு கட்டைதான் தெரியும் என்று நினைக்கிறேன். அதில் ஜிம்மியை மட்டும் குற்றம் சொல்லாதே. லாப்ரடோரின் முடி குட்டை, பெரும்பாலும் சுற்றாமல் உள்ளே போய்விடும். உருளையில் சுற்றுவது உன் தலைமுடி. அந்த நீள முடி ஒரு வலையாகச் சுற்றி நிற்க, நாய் முடி அதில் போய்ச் சிக்குகிறது. வடிவாகப் பார்த்தால் தெரியும்: உள்ளே கறுப்பு, வெளியே மஞ்சள்.

அநேகமான உருளையில் நீளவாக்கில் ஒரு பள்ளக் கோடு இருக்கும். கத்தரிக்கோல் நுனியை அதற்குள் விட்டு இந்த அந்தத்திலிருந்து அந்த அந்தம்வரை வெட்டிக்கொண்டு போ. அம்மா உனக்குத் தந்த தையல் பெட்டியில் தையல் பிரிக்கிற சின்னக் கொக்கி இருக்கிறது, அது இதற்கு இன்னும் திறம். வெட்டின பிறகு விரலால் இழுத்தால் பாளம் பாளமாகக் கழன்று வரும். நடுவில் துப்புரவானதும் முடிந்தது என்று எழும்பிவிடாதே. இரண்டு அந்தத்திலும் இருக்கிற மூடிகளைக் கழற்ற முடிந்தால் கழற்று. அதற்குள் முடி மோதிரம் மாதிரி இறுகிப் போயிருக்கும். உருளை சுழல்கிற இடமே அதுதான். அங்கே முடி இறுகினால் சூடாகிப் பிளாஸ்டிக்கும் உருகும். ஊசியால் கிளறி எடு. எல்லாம் எடுத்த பிறகு விரலால் சுண்டிப் பார், உருளை தடையில்லாமல் ஓட வேண்டும்.

அந்தக் கருகின மணம் பெல்ட்டிலிருந்து வருகிறது. முடி இறுகி உருளை நின்றுவிட, மோட்டார் நிற்காமல் சுழல, இரண்டுக்கும் நடுவில் ரப்பர் பெல்ட் உரசிக் கருகுகிறது. கழற்றிப் பார். உள்பக்கம் மினுங்கினாலோ, வெடிப்புத் தெரிந்தாலோ, தொய்ந்திருந்தாலோ மாற்றத்தான் வேண்டும். சில பவுண்டுகள்தான். ஒன்று வாங்குகிற இடத்தில் இரண்டாக வாங்கி வை.

இனி இழுக்காத விஷயம். பை இல்லாத மெஷினில் காற்று பெட்டிக்குள் வேகமாகச் சுழலும்போது கனமான தூசி வெளிச்சுவருக்கு ஒதுங்கிக் கீழே விழும். மரம் அரிகிற ஆலைகளில் தூளைப் பிரிக்க இதே முறை முந்தியே இருந்தது. அதைப் பார்த்துத்தான் ஜேம்ஸ் டைசன் வீட்டு மெஷினுக்குக் கொண்டுவந்தார். 5,127 மாதிரிகள் செய்து பார்த்தாராம், அந்தப் பொறுமையை மெச்சத்தான் வேண்டும். 1993இல் பிரிட்டனில் அவருடைய மெஷின் வந்தது, பிறகு பல கம்பனிகளும் இதே வழிக்கு வந்துவிட்டன. ஆனால் சுழல் எல்லாவற்றையும் பிரித்துவிடாது. மிக நுண்ணிய தூசி காற்றோடேயே போகும். நாய் பூனை உள்ள வீட்டில் அந்த நுண்தூசிதான் கூட: தோல் செதில், காய்ந்த எச்சில், காலில் கொண்டுவருகிற மண். அது மோட்டாருக்குள் போகாமல் முன்னால் ஒரு ஃபோம் ஃபில்டர் மறித்து நிற்கிறது. உன்னுடையதை இதுவரை எத்தனை தரம் கழுவினாய்? அப்படி ஒன்று இருப்பதே உனக்குத் தெரியாது என்று பந்தயம் கட்டுகிறேன். பை வேண்டாம், செலவு இல்லை என்று விற்கிறார்கள், சரி. பை செய்த வேலையை இப்போது நீதான் செய்ய வேண்டும் என்பதைச் சின்ன எழுத்தில் போடுகிறார்கள்.

ஃபில்டரைக் குளிர்ந்த தண்ணீரில் கழுவு. சோப்பு வேண்டாம். தண்ணீர் தெளிவாக வரும்வரை பிழிந்து பிழிந்து கழுவு, முறுக்காதே. பிறகு 24 மணி நேரம் காயவிடச் சொல்வார்கள். கிளாஸ்கோவின் நவம்பரில் அது காணாது, இரண்டு நாள் விடு. கெதியாகக் காயட்டும் என்று ஹீட்டர்மேல் வைக்காதே, ட்ரையரிலும் போடாதே. ஈரத்தோடு மாட்டினால் நனைந்த நாயின் மணம் வீடு முழுக்கச் சுற்றும், மோட்டாருக்கும் கூடாது. இன்னொரு ஃபோம் வாங்கி மாற்றி மாற்றிப் போட்டால் இந்த மினக்கேடு இல்லை. புத்தகத்தில் எந்தக் கணக்குப் போட்டிருந்தாலும், நாயும் பூனையும் உள்ள வீட்டுக்கு மாதம் ஒரு தரம் கழுவுவது நல்லது. காற்று வெளியேறுகிற பக்கம் மிக நுண்ணிய தூசியைப் பிடிக்க இருக்கிற ஹெப்பா ஃபில்டர் வேறு. கழுவலாம் என்று எழுதியிருந்தால் மட்டும் கழுவு, இல்லாவிட்டால் காலம் வரும்போது மாற்று.

தூசிப் பெட்டியில் ஒரு கோடு இருக்கிறதே, அது வருமுன்பே கொட்டு. நாய் முடிக்குப் பாரமில்லை, ஆனால் இடத்தைப் பிடிக்கும், ஓர் அறை முடியுமுன்பே பெட்டி நிறைந்த மாதிரி இருக்கும். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் ஜிம்மி உதிர்க்கும்போது அறைக்கு ஒரு தரம் கொட்ட வேண்டிவரும். குசினிக்குள் நின்று திறந்து கொட்டாதே. வெளியே போய், ஒரு பெரிய பைக்குள் பெட்டியை விட்டு, பையின் வாயைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு திற. தூசி அடங்க ஒரு நிமிடம் விட்டுப் பிறகு வெளியே எடு. நடுவில் இருக்கிற வலையைச் சுற்றி முடி ஒட்டி நிற்கும், அதையும் உரித்துவிடு.

இவ்வளவும் செய்தும் இழுக்காவிட்டால் குழாயில் அடைப்பு. குழாயைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார். ஜிம்மியின் பந்துத் துண்டோ உன் காலுறையோ இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போதே மெஷின் தானாக நின்றுவிட்டாலும் பயப்படாதே. காற்று வராமல் சூடேறினால் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும் ஏற்பாடு அது. பிளக்கைக் கழற்றி, அடைப்பை எடுத்து, ஆறவிட்டுப் பிறகு போடு.

புதிதாக வாங்கப் போகிறேன் என்றாயே, அதற்கு ஒரு வார்த்தை. நாய்ப் படம் போட்ட பெட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் அதே மெஷின்தான், கூட ஒரு சின்னச் சுழல் பிரஷ் இருக்கும். அந்தச் சின்னப் பிரஷ் படிக்கட்டுக்கும் சோபாவுக்கும் நல்லது, இல்லையென்று சொல்லவில்லை. அதைத் தனியாகவும் வாங்கலாம். வாட் கணக்கைப் பார்த்தும் மயங்காதே. 2017 செப்டம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க 900 வாட் என்று வரம்பு வைத்தார்கள், அப்போது பிரிட்டனும் அந்த ஒன்றியத்துக்குள்தான் இருந்தது. வாட் என்பது எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்ற கணக்கு, எவ்வளவு இழுக்கிறது என்ற கணக்கு இல்லை.

நீ ஹூவர் பண்ணுவதை நான் பார்த்திருக்கிறேன். ஓட்டப் பந்தயம். முன்னுக்குத் தள்ளுவதை விடப் பின்னுக்கு இழுப்பதை மெதுவாகச் செய், முடி அப்போதுதான் கிளம்பி வரும். ஒரு பக்கமாக முடித்த பிறகு குறுக்கே இன்னொரு தரம் போ. சோபாவின் முன்னால் ஜிம்மி படுக்கிற இடத்தில் முதலில் ரப்பர் கையுறையைப் போட்டு ஒரே பக்கமாகத் தேய்த்துப் பார், மெஷின் விட்டுப்போன முடியெல்லாம் உருண்டு வரும். குசினித் தரையில் பிரஷை நிறுத்திவிட்டு ஓட்டு, இல்லாவிட்டால் நாய்த் தீனி நாலு பக்கமும் சிதறும்.

ராணியின் மண் பெட்டியைச் சுற்றிச் சிந்தினதை மெஷினால் இழுக்காதே. அந்தக் களிமண் தூள் ஒரே தரத்தில் ஃபில்டரை அடைத்துவிடும். தும்புத்தடியால் கூட்டி அள்ளு. கார்பெட்டில் தூவுகிற வாசனைப் பவுடரும் அப்படித்தான். ஈரமான எதையும் இழுக்கவே கூடாது. ஜிம்மி சத்தி எடுத்தால் துடைத்து, கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகுதான் மெஷின்.

தெள்ளு வந்தால் சொல், ஆனால் கலங்காதே. தெள்ளு நாயின் மேல் இருப்பது கொஞ்சம்தான், முட்டை, புழு, கூடு எல்லாம் கார்பெட்டுக்குள்தான் கிடக்கும். மெஷினின் அதிர்வு பட்டால் கூட்டுக்குள் இருப்பது வெளியே வரும். அது நல்லதுதான், வெளியே வந்தால்தான் மருந்து பிடிக்கும். அந்த நாட்களில் தினமும் ஹூவர் பண்ணி, பண்ணின கையோடு பெட்டியை வெளியே கொண்டுபோய்க் கொட்டு. நாய்க்கும் பூனைக்கும் மருந்து மிருக வைத்தியரிடம் கேட்டே போடு. நாய்க்குப் போடுகிற சில மருந்து பூனைக்கு நஞ்சு.

சத்தத்துக்கு ஜிம்மி குரைப்பதற்கு அவனை ஏசாதே. எங்கள் காதுக்கு எட்டாத கீச்சுச் சத்தமெல்லாம் அவனுக்குக் கேட்கும், பூனைக்கு இன்னும் கூட. ஓடாத மெஷினை இரண்டொரு நாள் ஹோலில் சும்மா நிறுத்தி வை, முகர்ந்து பார்க்கட்டும், பக்கத்தில் வந்தால் ஒரு பிஸ்கட் கொடு. ஓட்டுகிற நேரம் வேறு அறையில் விட்டுக் கதவைச் சாத்து. விளையாட்டுக்கென்றாலும் மெஷினால் அவனைத் துரத்தாதே. ராணிக்கு நீ ஒன்றும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை, அவள் கட்டிலுக்குக் கீழே போய்விடுவாள்.

கிறிஸ்மஸ் லீவில் சின்னம்மா உன்னிடம் வருகிறாள். அவளுக்குப் பூனை ஒத்துக்கொள்ளாது. ஒத்துக்கொள்ளாதது முடி இல்லை, பூனையின் எச்சிலிலும் தோலிலும் இருக்கிற ஒரு புரதம். அது மிக நுண்ணிய துணுக்குகளில் ஒட்டி நெடுநேரம் காற்றில் நிற்கும். ஹூவர் பண்ணினால் அது கிளம்பும், அதனால் அவள் வருகிற காலையில் மெஷினை எடுக்காதே. முதல் நாளே பண்ணி, யன்னலைத் திறந்து வை. அவள் படுக்கிற அறைக்குள் இன்றிலிருந்தே ராணியை விடாதே. மெத்தை, திரைச்சீலை, கட்டிலடி எல்லாவற்றையும் அந்த அறையில் வாரம் ஒரு தரம் இழு. எவ்வளவு செய்தாலும் பூனை உள்ள வீட்டில் அது முழுக்கப் போகாது, இன்ஹேலரை மறக்காமல் எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறேன்.

மெஷினின் அடியில் ஒரு ஸ்டிக்கரில் மொடல் நம்பர் இருக்கும். அதையும் கழற்றின பெல்ட்டையும் படம் எடுத்து அனுப்பு. லண்டன் ரூட்டிங்கில் எனக்குத் தெரிந்த கடையில் இருந்தால் வாங்கிச் சின்னம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா