'தானா கரைஞ்சிடும்' என்ற டாக்டர்களுக்கு

மூட்டு அறுவை மருத்துவர்களுக்கு வணக்கம்.

நாலு வருடத்துக்கு முன்னால் கபடி ஆடப்போய் என் தம்பிக்கு முழங்கால் ஜவ்வு கிழிந்தது. ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர், "உள்ளே ஸ்குரூ போட்டிருக்கோம், தானா கரைஞ்சிடும்" என்றார். நாங்களும் மறந்துவிட்டோம். மூன்றாம் வருடம் முழங்காலுக்குக் கீழே கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி. இரண்டு கோர்ஸ் ஆன்டிபயாடிக் கொடுத்தும் வற்றவில்லை. கீறிப் பார்த்தால் வெள்ளையாய்க் கெட்டித் திரவம், அதில் ஸ்குரூவின் துணுக்குகள். கல்ச்சரில் கிருமியே வளரவில்லை.

டிஸ்சார்ஜ் சம்மரியில் 'பயோ ஸ்குரூ' என்று மட்டும் இருந்தது. ஸ்குரூ எதனால் ஆனது என்ற விவரம் உள்ள ஸ்டிக்கர் ஆஸ்பத்திரி ஃபைலில் ஒட்டியிருந்தது; அதைப் பார்க்க ஐந்து நாள் அலைந்தோம். பாலிலாக்டிக் அமிலமாம்; லாக்டிக் அமிலத்தை நீளச் சங்கிலியாக (பாலிமராக)க் கோத்துச் செய்த பிளாஸ்டிக்.

சர்க்கரை தண்ணீரில் கரைவதுபோல இது கரைவதில்லை என்று அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். உடம்பின் நீர் பாலிமர்ச் சங்கிலியைத் துண்டாக்குகிறது. வெளியேற வழியில்லாத அமிலம் உள்ளுக்குள் தேங்கி, உடைவதை இன்னும் விரட்டுகிறது. மிஞ்சும் படிகத் துணுக்குகள் வருடக்கணக்கில் கிடக்கின்றன. அவற்றை விழுங்க வரும் மேக்ரோஃபேஜ் செல்கள், முடியாதபோது ஒன்றோடொன்று சேர்ந்து ராட்சத செல்களாகின்றன. வீக்கம் வரக் கிருமி தேவையே இல்லை. இதெல்லாம் உங்களுக்குப் பழைய பாடம். பின்லாந்தின் ஹெல்சிங்கியில் கரையும் ஸ்குரூ, கரையும் பின் (pin) போன்றவை போட்ட 2,528 பேரைப் பார்த்து 2000இல் வெளியான ஆய்வில் 108 பேருக்கு இப்படிப்பட்ட எதிர்வினை. பெரும்பாலும் பாலிகிளைகாலிக் அமிலம் என்ற இன்னொரு கரையும் பிளாஸ்டிக்கில்தான், சில மாதங்களுக்குள். பாலிலாக்டிக்கில் மிக அரிது; ஆனால் வருடங்கள் கழித்து வரும். எங்கள் வீட்டில் வந்தது அந்த அரிதுதான்.

இப்போது இவற்றுக்கு மாற்றாக, எலுமிச்சையில் இருக்கும் சிட்ரிக் அமிலத்தில் செய்த பாலிமர்கள் வந்திருக்கின்றன. 2004இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் கில்லர்மோ அமீரின் குழு, சிட்ரிக் அமிலத்தையும் ஆக்டேன்டயால் என்ற ஆல்கஹாலையும் சேர்த்துச் சூடாக்கி ரப்பர்போல நீளும் பொருள் ஒன்றைச் செய்தது. 2020இல் இந்த வகையில் தசைநாரை எலும்போடு பிணைக்கும் சாதனம் ஒன்றுக்கு அங்கே மருந்து, மருத்துவச் சாதனங்களைக் கட்டுப்படுத்தும் எஃப்.டி.ஏ.வின் அனுமதி கிடைத்தது. சிட்ரிக் அமிலம் நம் உடம்பில் சிட்ரேட் என்ற வடிவில் இருக்கிறது; அதில் சுமார் 90% எலும்பில்தான். எலும்பின் கனிமப் படிகங்களோடு அது இறுகப் பிணைந்து, படிகங்கள் தடிக்காமல் பார்த்துக்கொள்கிறது என்று 2010இல் கண்டார்கள். அதனால் நம்பிக்கைக்கு நியாயம் இருக்கிறது.

ஆனால் ஒரு பயமும் இருக்கிறது. எலுமிச்சை அமிலம், இயற்கை, பக்கவிளைவே கிடையாது என்று விற்க நாளைக்கே ஆள் வந்துவிடுவார்கள். லாக்டிக் அமிலமும் நம் தசையில் ஊறுவதுதானே? தம்பியின் கால் அதைக் கேட்டதா என்ன! பொருள் எந்த வேகத்தில் உடைகிறது, எந்த அளவுத் துணுக்காக மிஞ்சுகிறது, அமிலத்துக்கு வெளியேற வழி உண்டா என்பதைப் பொறுத்துத்தான் வீக்கம் வருவதும் வராததும். சிட்ரேட்டுக்கும் இதே கேள்விகள்தான்.

சரி, நான் கேட்பது சின்ன விஷயம். 'கரையும்' என்பதோடு, எதுவாகக் கரையும், ஏறத்தாழ எத்தனை வருடத்தில், நடுவில் வீங்கினால் யாரிடம் வரவேண்டும் என்பதையும் சொல்லுங்கள். இப்படி ஏதாவது நடந்தால் காசியாபாத்தில் உள்ள இந்தியன் பார்மகோபியா கமிஷனின் மெட்டீரியோவிஜிலன்ஸ் (மருத்துவச் சாதனங்களால் வரும் பாதிப்புகளைக் கண்காணிக்கும்) திட்டத்துக்கு எழுதிப் போடுங்கள். 2015லிருந்து அது இருக்கிறது. அப்புறம் அந்த ஸ்டிக்கர். உங்கள் ஃபைலில் ஒன்று ஒட்டும்போது, நோயாளியின் சம்மரியிலும் ஒன்று ஒட்டிக் கொடுங்கள்.