படகில் ஏறியதும் நீ பேசு

லவ்டேல்,
நீலகிரி.

அன்புள்ள கண்ணுக்கு,

நேற்று இரவு போனில், சம்பந்தி வீட்டாருக்குப் பாரிஸைச் சுற்றிக் காட்ட நீ போட்ட திட்டம் சரியா என்று கேட்டபோது, யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். இன்று விடிகாலையில் எழுந்து பார்த்தால் புல்வெளி முழுக்க உப்பைக் கொட்டிப் பரப்பியதுபோல் உறைபனி. வெயில் ஏறும்வரை வாசல் பக்கம் போக முடியாது. அடுப்பங்கரையில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதி காதில் விழாது, மீதி மறந்துபோகும். எழுத்தில் இருந்தால் ஏப்ரலில் சம்பந்தி வரும்போது எடுத்துப் பார்த்துக்கொள்வாய்.

நீ சொன்ன திட்டத்தை நோட்டில் எழுதிப் பார்த்தேன். காலை ஈபிள் கோபுரம், பதினொரு மணிக்கு லூவ்ர் மியூசியம், மத்தியானம் கைடோடு நோத்ர தாம், சாந்த் ஷப்பேல் சர்ச்சுகள், ஐந்து மணிக்குச் செய்ன் ஆற்றில் படகு. எல்லாம் சேர்த்து ஒரே டிக்கெட். உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஒன்றாக லீவு கிடைப்பது அந்த ஒரு சனிக்கிழமைதான் என்பதால் அத்தனையையும் அதற்குள் அடைத்திருக்கிறாய். பெரியவர்களுக்கு எதுவும் விட்டுப்போகக் கூடாது என்கிற உன் மனசு புரிகிறது. ஆனால் இப்படி வேண்டாம் கண்ணு.

31 வருஷம் ஊட்டியில் டூரிஸ்ட் வண்டி ஓட்டியவன் சொல்கிறேன். சீசனில் வருகிற பார்ட்டிகள் வண்டியில் ஏறியதுமே "எத்தனை பாயிண்ட் காட்டுவீங்க?" என்றுதான் கேட்பார்கள். தொட்டபெட்டா, ரோஸ் கார்டன், பொட்டானிக்கல் கார்டன், பைக்காரா, பைன் ஃபாரஸ்ட் என்று ஏழு பாயிண்ட் சுற்றி, சாயங்காலம் லாட்ஜில் இறக்கிவிடும்போது எது பிடித்தது என்று கேட்பேன். பதில் சொல்ல போனில் போட்டோவைத் தேடுவார்கள். அவர்கள்மேல் தப்பு இல்லை. அவ்வளவையும் ஒரே நாளில் திணித்தால் மனசு எதைத்தான் வைத்துக்கொள்ளும்?

ஒரு குடும்பம் மட்டும் இன்னும் நினைவில் இருக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். கூட ஒரு வயசான அம்மா. அதிகம் நடக்க முடியாது. அதனால் காலையில் ஸ்டீபன்ஸ் சர்ச், அப்புறம் சல்லிவன் துரை கட்டிய கல் பங்களா, அவ்வளவுதான். சாப்பிட்டுப் படுத்து எழுந்து நாலு மணிக்கு போட் ஹவுஸ். என்னையும் படகில் ஏற்றிக்கொண்டார்கள். படகு நடு ஏரிக்குப் போனதும் அந்த அம்மா கேட்டார்: "ஏம்ப்பா, இந்த ஏரியை உண்டாக்கினவரும் காலையில பார்த்த வீட்டைக் கட்டினவரும் ஒரே ஆள்தானா?" ஆமாம் என்றேன். 1822-ல் வீடு, மறு வருஷம் ஏரி வேலை. "அப்படின்னா வீட்டைக் கட்டிட்டு, அப்புறம் தண்ணியைத் தேக்கியிருக்கார்" என்றார். காலையில் தனித்தனியாகக் கேட்டதை ஒன்றாகக் கோத்துக்கொண்டது படகில் உட்கார்ந்த பிறகுதான். கால் ஓய்ந்து உட்கார்ந்தால்தான் புத்தி நடக்க ஆரம்பிக்கிறது என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது.

அதனால்தான் கைடோடு சுற்றுவதையும் படகையும் நீ சேர்த்ததில் எனக்குப் பூரண சம்மதம். இரண்டும் ஒன்றுக்கொன்று வேண்டும். ஆனால் முதலில் தரை, பிறகு தண்ணீர். நடுவில் நல்ல இடைவெளி. தரையில் பார்ப்பது ஒரே வட்டாரமாக இருக்க வேண்டும்.

2023-ல் நாங்கள் வந்தபோது நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அதுவும் ஒரே டிக்கெட்தான். கைடு வர முக்கால் மணி நேரம் தாமதம். படகுக்கு மட்டும் நேரம் குறித்தாகிவிட்டது. நடை முடிந்தது நோத்ர தாம் இருக்கிற ஆற்றுத் தீவில், படகுத்துறையோ ஈபிள் கோபுரத்தின் அடியில். அம்மா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு மெட்ரோ படிகளில் ஓடியது இன்றைக்கும் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அன்று ராத்திரி அவள் முழங்காலுக்குத் தைலம் தேய்த்தபோது நீ அழுதாய். சம்பந்தியம்மாவுக்கு முழங்கால் அதைவிட மோசம். டிக்கெட் எடுக்கும் முன் இரண்டு விஷயம் பார்: படகு எந்தத் துறையிலிருந்து கிளம்புகிறது, அன்று எந்த நேரப் படகிலும் ஏற முடியுமா. இந்த இரண்டும் சரியாக இல்லையென்றால் தனித்தனி டிக்கெட் எடு. இரண்டு மூன்று யூரோ கூடினால் கூடட்டும், நான் தருகிறேன்.

நான் உன் இடத்தில் இருந்தால் அன்று அந்தத் தீவை மட்டும்தான் காட்டுவேன். ஆறு இரண்டாகப் பிரிந்து சுற்றி ஓட, நடுவில் கிடக்கிற ஊர் என்றால் சம்பந்திக்கு உடனே ஸ்ரீரங்கம் ஞாபகம் வரும். நோத்ர தாம், சாந்த் ஷப்பேல், கொன்சியர்ஜரி, பொன் நெஃப் பாலம் எல்லாம் அந்தச் சின்னத் தீவிலேயே இருக்கின்றன. காலை பத்து மணிக்கு, கூட்டம் குறைவான கைடாகப் பார்த்து, இரண்டு மணி நேரம் போதும். உள்ளே போவது இரண்டே இடம்.

முதலாவது நோத்ர தாம். நமக்குக் கிடைக்காதது அவர்களுக்குக் கிடைக்கப்போகிறது. நாம் சாரத்தையும் கிரேனையும்தான் பார்த்தோம். 2019 ஏப்ரல் 15 அன்று எரிந்த கூரையை ஏறக்குறைய 2,000 ஓக் மரங்களை அறுத்து மறுபடியும் பழைய முறையிலேயே கோத்து, 2024 டிசம்பரில் திறந்துவிட்டார்கள். உள்ளே போகக் காசு இல்லை. நேரத்தை முன்பதிவு செய்துகொண்டால் வெளியே நிற்க வேண்டியதில்லை. பழைய கூரையில் இருந்த மரச்சட்டங்களின் நெருக்கத்தைப் பார்த்து அந்த ஊர்க்காரர்கள் அதைக் 'காடு' என்றே கூப்பிட்டார்களாம். இதைச் சம்பந்தியிடம் மறக்காமல் சொல். மரக்கடை வைத்திருந்தவர், ரசிப்பார். வாசல் முன்னால் தரையில் பதித்த ஒரு வட்டத் தகடு உண்டு. பிரான்சின் சாலைகளுக்கெல்லாம் பாரிஸிலிருந்து தூரம் அளப்பது அங்கிருந்துதான் என்று கைடு சொன்னார். மைல்கல்லைப் பார்த்தே வாழ்நாளைக் கழித்த எனக்கு அந்த ஒரு வரி போதுமாக இருந்தது.

இரண்டாவது சாந்த் ஷப்பேல். 1248-ல் அர்ச்சித்த கோயில். 15 கண்ணாடி ஜன்னல்கள், அவற்றில் 1,113 காட்சிகள். காலை வெயில் அடிக்கும்போது பார்த்துவிடுங்கள். மேல் தளத்துக்கு ஏறுவது குறுகலான சுழல் படி. சம்பந்தியம்மாவை அவசரப்படுத்தாதே, பின்னால் வருகிறவர்கள் காத்திருப்பார்கள். கொன்சியர்ஜரியை வெளியிலிருந்து பார்த்தால் போதும். ராணி மரி அந்துவானெத்தைக் கடைசியாக அடைத்து வைத்திருந்த இடம் என்று கைடு சொல்வார்.

லூவ்ரை அன்று தொடவே தொடாதே. ஒரு கோட்டை அரண்மனையாகி, 1793-ல் மியூசியமான இடம் அது. வாசலில் கால் வைத்தாலே ஒரு நாள் போய்விடும். வேறொரு நாள் மாப்பிள்ளை மட்டும் தன் அப்பாவைக் கூட்டிப் போகட்டும். செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். ஈபிள் கோபுரத்தின் மேலே ஏறுவதும் வேண்டாம். 330 மீட்டர் உயரத்தை அண்ணாந்து பார்ப்பதில்தான் அழகு இருக்கிறது. அதைத் தண்ணீரிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்.

மத்தியானம் எல்லாரும் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள். சமைக்க நேரமில்லையென்றால் லா சப்பலில் சாப்பாடு வாங்கிக்கொள். அங்கே தமிழில் விலை கேட்டுக் கத்தரிக்காய் வாங்கியபோது உன் அம்மா முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். சம்பந்தியம்மாவுக்கும் அது பிடிக்கும். ஒரு தூக்கம் போட்டு எழட்டும்.

ஏப்ரல் நடுவில் அங்கே எட்டரை மணிக்கு மேல்தான் பொழுது சாய்கிறது. அதனால் ஐந்து மணிப் படகு வேண்டாம், எட்டு மணிக்கு ஏறுங்கள். போகும்போது பகல், திரும்பும்போது விளக்கு. இருட்டிய பிறகு கோபுரம் மணிக்கு ஒரு தடவை ஐந்து நிமிஷம் மினுமினுக்கும். பொன் நெஃப் அடியிலிருந்து கிளம்பும் படகே நல்லது, காலையில் நடந்த இடத்திலேயே ஏறலாம். பாலத்தின்மேல் நிற்கும் ராஜா சிலைக்குப் பின்னால் படி இறங்க வேண்டும், கைப்பிடித்து மெதுவாகக் கூட்டிப் போ. மேல் தளத்தில் காற்று அறையும். மதுரைக்காரர்களுக்கு அது தாங்காது. சால்வையும் குல்லாவும் எடுத்துக்கொள். மழை பெய்து ஆறு ஏறியிருந்தால் பாலத்தடியில் புக இடமில்லாமல் படகை நிறுத்திவிடுவார்கள். முதல் நாளே ஒரு தடவை விசாரித்துவிடு.

இனி நான் சொல்ல வந்தது.

நாங்கள் வந்த அன்றைக்குத் தரையில் அந்தக் கைடு பேசியதில் எனக்குப் பாதிதான் விளங்கியது. உன் அம்மாவுக்குச் சுத்தமாக விளங்கவில்லை. காதில் கருவியை மாட்டிக்கொண்டு, கொடியைப் பார்த்துக்கொண்டு நடந்தாள். படகிலும் பதிவு செய்த குரல்தான், பல பாஷைகள், நாம் ஏறியதில் தமிழ் இல்லை. அப்போது நீ கருவியைக் கழற்றி வைத்துவிட்டு அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். "அம்மா, இது புதுப் பாலம்னு பேரு, ஆனா இருக்கறதிலேயே இதுதான் பழசு, 1607-ல முடிச்சாங்க" என்று ஆரம்பித்தாய். அதற்கு மேல் ஒரு மணி நேரம் அவள் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தாள். ஓர்சே மியூசியம் முன்னால் ரயில்வே ஸ்டேஷனாக இருந்தது என்றாய், உடனே அந்தக் கடிகாரம் அதற்குத்தானா என்றாள். முழங்கால் வலியை மறந்துவிட்டாள்.

கொன்கோர்ட் பாலத்தடியில் போகும்போது நீ சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. பாஸ்டில் சிறையை ஜனங்கள் உடைத்தார்கள் அல்லவா, அந்தக் கல்லை எடுத்து வந்து இந்தப் பாலத்தைக் கட்டி முடித்தார்கள் என்றாய். எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஏனென்றால் நம் ஸ்டீபன்ஸ் சர்ச்சில் நின்று நான் ஆயிரம் தடவை சொன்ன கதையும் இதேதான். 1799-ல் திப்பு விழுந்த பிறகு, ஸ்ரீரங்கப்பட்டணத்து அரண்மனை உத்திரங்களைக் கொண்டுவந்து இந்தச் சர்ச்சைக் கட்டினார்கள், 1831-ல் திறந்தார்கள். அந்தத் திப்புவின் தூதர்கள் 1788-ல் உதவி கேட்டு அங்கேதான் வந்தார்கள், பதினாறாம் லூயியைப் பார்த்தார்கள், வெறுங்கையோடு திரும்பினார்கள். மறு வருஷமே பாஸ்டில் உடைந்தது. அந்த ராஜாவின் தலையை 1793-ல் வெட்டியது அதே பாலத்துக்குப் பக்கத்துச் சதுக்கத்தில். ஒரு ராஜா கேட்டார், ஒரு ராஜா கொடுக்கவில்லை, இரண்டு பேரும் போனார்கள். ஒருவருடைய சிறைக்கல்மேல் அங்கே கார் ஓடுகிறது, இன்னொருவருடைய அரண்மனை மரத்தடியில் இங்கே ஞாயிற்றுக்கிழமை பூசை நடக்கிறது. இதை அன்று படகில் உன்னிடம் சொல்ல வாய் வந்தது. நீ அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாய், கலைக்க மனசில்லை.

அதனால் காலையில் கைடு சொல்வதை நீ நன்றாகக் கேட்டுக்கொள், சின்னதாகக் குறித்துக்கொள். மொழிபெயர்த்துக்கொண்டே நடக்காதே, யாருக்கும் எதுவும் ஏறாது. படகில் ஏறியதும் கருவியை யாருக்கும் கொடுக்காதே. நீ சம்பந்தியம்மா பக்கத்தில் உட்கார், மாப்பிள்ளை அப்பா பக்கத்தில் உட்காரட்டும். காலையில் பார்த்தது ஒவ்வொன்றாகத் தண்ணீர் ஓரத்தில் வரும்போது நீயே தமிழில் சொல். கொன்கோர்ட் வரும்போது இந்தத் திப்பு கதையையும் சொல். சம்பந்தியம்மா உன்னிடம் அதிகம் பேசுவதில்லை என்று போன மாதம் வருத்தப்பட்டாய். அந்த ஒரு மணி நேரம் அவர் கேள்வி கேட்பார், பாரேன்.

அம்மா வர்க்கி இரண்டு டப்பாவும் டீத்தூள் ஒரு கிலோவும் சம்பந்தியிடம் கொடுத்து அனுப்பச் சொல்கிறாள். வர்க்கியை வீட்டிலேயே காலி செய்துவிடாதே, படகுக்குக் கொஞ்சம் எடுத்து வை. எந்தத் துறையில் ஏறப்போகிறீர்கள் என்று முடிவானதும் எனக்கு ஒரு போன் போடு.

அன்புடன்,
அப்பா