படுக்கை நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பக்கவாதத்தாலோ இடுப்பெலும்பு முறிவாலோ படுத்த படுக்கையானவர்கள், நகரத்து மருத்துவமனைகளிலிருந்து மூக்குவழி உணவுக்குழாயும் சிறுநீர்ப் பையுமாக வேதாரண்யம், முத்துப்பேட்டை, திருத்துறைப்பூண்டி பக்கத்துக் கிராமங்களுக்குத் திரும்பி வருகிறார்கள். அன்று முதல் அவர்களுக்குச் செவிலியர் மனைவியோ மருமகளோதான். மாத்திரைச் சீட்டைக் கொடுத்து அனுப்புகிறார்களே தவிர, நோயாளியை எப்படித் திருப்பிப் படுக்கவைப்பது, எப்போதெல்லாம் கை கழுவுவது என்பதைப் பெரும்பாலும் யாரும் செய்துகாட்டுவதில்லை. ஓய்வுபெற்ற செவிலியரான நான் சுற்றுவட்டாரத்தில் இப்படிப்பட்டவர்களைப் பார்க்கப் போகும்போதெல்லாம், வந்த நோயைவிடப் படுக்கைப் புண்ணும் கிருமித் தொற்றுமே அவர்களை வாட்டுவதைக் காண்கிறேன்.

தானாகப் புரள முடியாதவரைப் பொதுவாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும். முழுக்க ஒருக்களிக்க வைக்காமல், முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 பாகை அளவுக்குச் சாய்த்தால் இடுப்பெலும்பின் மேல் பாரம் இறங்காது. கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்தால் குதிகால் படுக்கையில் படாது. நகர்த்தும்போது இழுக்கவே கூடாது. இழுத்தால் தோல் விரிப்போடு ஒட்டிநிற்க, உள்ளே சதை மட்டும் நகர்ந்து நுண்ணிய இரத்தக் குழாய்கள் நசுங்குகின்றன. மடித்த பருத்திப் புடவையை அடியில் விரித்து, இருபுறமும் இருவர் பிடித்துத் தூக்கி நகர்த்துவதே முறை. பக்கவாதம் தாக்கிய கையைப் பிடித்துத் தூக்கினால் தோள்மூட்டு நழுவிவிடும். நம்மவர்களின் கருந்தோலில் புண்ணின் தொடக்கச் சிவப்பு எளிதில் தெரியாது என்பதால், முதுகின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்துச் சூடோ விறைப்போ இருக்கிறதா என்று நாள்தோறும் கவனிக்க வேண்டும். அங்கே எண்ணெய் விட்டுத் தேய்ப்பது கேடு. காற்று மெத்தை போட்டிருந்தாலும் திருப்பத்தான் வேண்டும். மின்சாரம் போனால் அதுவும் இறங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் விரிப்புகள் காயாமல் ஈரத்தோடு கிடப்பது தோலை இன்னும் விரைவாகக் கெடுக்கிறது.

குழாய்வழி உணவு கொடுக்கும்போதும் அதன்பின் அரை மணி நேரமாவதும் தலைமாட்டை 30 முதல் 45 பாகை உயர்த்தியிருந்தால் உணவு நுரையீரலுக்குள் ஏறும் ஆபத்து குறையும். சிறுநீர்ப் பை இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், ஆனால் தரையில் படக் கூடாது. நோயாளியைத் தூக்கும்போது பையை வயிற்றின் மேல் வைப்பதைப் பல வீடுகளில் பார்க்கிறேன்; பையிலுள்ள சிறுநீர் திரும்பப் பாய்ந்து தொற்றை உண்டாக்க அதுவே போதும். மலம் துடைத்த கையுறையோடு உணவுக்குழாயைத் தொடுவது அதைவிடக் கொடுமை. கையுறை போட்டாலும் கழற்றியபின் சோப்புப் போட்டு, விரலிடுக்கு, நகக்கண் வரை தேய்த்து 40 முதல் 60 விநாடிகள் கை கழுவ வேண்டும்.

வார்டுகளில் செவிலியர் பற்றாக்குறை இருப்பதை அறிந்தேதான் கேட்கிறேன்: வீட்டுக்கு அனுப்புவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே, உடனிருப்பவரைத் தம் கையாலேயே இவற்றைச் செய்யவைத்துப் பார்க்க வேண்டும். படங்களோடு தமிழில் ஒரு தாளும் தரலாம். 2021 முதல் நடைபெறும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நோய்த் தணிப்புச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வீடு தேடி வருகிறார்கள். நோயாளியை அனுப்பும் நாளிலேயே அந்தந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மருத்துவமனை தகவல் கொடுத்துவிட்டால், முதல் வாரத்திலேயே ஒருவர் வந்து முதுகையும் குதிகாலையும் பார்த்துவிட முடியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
திருவாரூர் மாவட்டம்.